முடிவுக்கு மட்டும் காசு

1.

இந்தக் கதையை நான் காசு கொடுத்து வாங்கினேன். எழுத்தாளன் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே கதை வந்து கொட்டும் என்று நீங்கள் நினைத்திருந்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். எனக்கு இது கிடைத்தது எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே. லிஃப்ட் பழுதாகிக் கிடந்த சமயம். பால் வாங்கப் போனாலும் படி, குப்பை போடப் போனாலும் படி. எல்லோரும் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும் என்று பார்த்துவைத்து, அங்கே கடை விரித்துவிட்டார்கள் இரண்டாம் மாடிப் பிள்ளைகள். பிழைக்கத் தெரிந்த பிள்ளைகள்!

அக்காவுக்குப் பதினொரு வயது. தம்பிக்கு ஏழு, அவனைக் குடியிருப்பே 'பட்டாசு' என்றுதான் கூப்பிடும். பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு, 'புற்றுநோய் ஆராய்ச்சிக்கு, எங்கள் தாத்தாவுக்காக' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வியாபார விதியைப் பட்டாசு தொண்டை கிழியக் கத்தினான்.

"கதை சும்மா! முடிவுக்கு மட்டும்தான் காசு!"

2.

ஆரம்பத்தை வேறு விதமாகவும் எழுதிப் பார்த்தேன்.

'மருந்து வாடை வீசும் அறையில் அந்த முதியவர்—' வேண்டாம். அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

'அன்பே உருவான தாத்தா ஒருவர் இருந்தா—' சுத்தப் பொய். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். முன்னால் போகிற வண்டிக்காரனைத் திட்டாமல் ஒரு திருப்பம்கூடத் திரும்ப மாட்டார். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார்; என்னையே ஏமாற்றியிருக்கிறார். ஆனால் வேனில் ஏறிய பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். பள்ளிக்கூட வாசலில் பிரேக் போடும்போது கதை சரியாக உச்சத்தில் வந்து நிற்கும்.

"மிச்சம் சாயங்காலம். இறங்குங்க, இறங்குங்க!"

சாயங்காலம் ஒரு பிள்ளைகூட வேனைத் தவறவிட்டதில்லை. [இந்த வித்தையை நானும் முயன்று பார்த்தேன். என் வாசகர்கள் சாயங்காலம் திரும்பி வருவதில்லை.] இப்போதும் காலையில் தெருவில் ஹாரன் அடித்தால், அவர்தான் என்று ஒரு நொடி நினைத்துவிடுகிறேன். அப்புறம் காபியைக் குடிக்கப் பிடிப்பதில்லை.

3.

முதல் வாரமே வியாபாரம் சூடுபிடித்தது. தாத்தாவின் கதைகளைச் சொல்வது அக்கா, டப்பா நீட்டுவது தம்பி.

"ஏண்டி, அந்தத் திருடன் மாட்டினானா இல்லையா? சொல்லித் தொலை, அடுப்புல பால் இருக்கு" என்றார் முதல் மாடித் தையல்காரம்மா.

"டப்பாவுல போடுங்க ஆன்ட்டி, சொல்றேன்."

"அப்படியே உங்க தாத்தன் புத்தி!" என்று சொல்லிக்கொண்டே காசைப் போட்டார். முடிவைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பிள்ளைகளும் அந்த வேனில் போனவர்கள்தான்.

வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுக்காரர் மட்டும் லேசில் மடங்கவில்லை. "ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"தாத்தாவுக்குக் குடுத்த மருந்து பத்தல சார். பத்துற மருந்தைக் கண்டுபிடிக்கிறது."

[இந்த வசனத்தை ஏழு வயதுப் பையன் பேசுவானா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. பேசினான். மேலாளர் பர்ஸை எடுத்தார்.]

4.

கதைகள் தீர்ந்துகொண்டே வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டாசு தானே படியில் ஏறி நின்றான். "இன்னைக்கு ஸ்பெஷல்! தாத்தா கடைசியா சொன்ன கதை!"

அக்கா பாய்ந்து வந்தாள். அவன் வாயைப் பொத்துவதற்குள் கதை பாதி தூரம் போய்விட்டது. ஒரு படகோட்டி யானையை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். நடு ஆற்றில் படகு சாய்கிறது. யானை மரியாதையாகக் கேட்கிறது: "அண்ணே, எனக்கு நீச்சல் தெரியும். உங்களுக்கு?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் தாத்தா இந்த இடத்தில்தான் இருமினார். மிச்சம் சாயங்காலம் என்று தம்பியை வீட்டுக்கு அனுப்பினார். சாயங்காலம் அம்மாவோடு அக்கா மட்டும் போனாள். தாத்தா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தபடியே அவள் உட்கார்ந்திருந்தாள். அவர் கண் திறக்கவேயில்லை, அப்படியே போய்விட்டார். வீடு திரும்பியபோது தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "படகோட்டி என்ன சொன்னான்?"

"தாத்தா சொல்லிட்டார்டா. அப்புறம் ஒரு நாள் உனக்குச் சொல்றேன்" என்றுவிட்டாள். வேறு என்ன சொல்வாள், பாவம்.

[இதை அவளே பிற்பாடு என்னிடம் சொன்னாள். "எழுதிக்கோங்க அங்கிள். ஆனா என்னை ரொம்ப நல்லவளா காட்டாதீங்க" என்றாள்.]

அந்த 'அப்புறம் ஒரு நாள்' இன்றைக்குத்தான் என்று பட்டாசு முடிவுகட்டியிருந்தான். டப்பா வலம் வந்தது. எல்லோரும் போட்டார்கள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவன்தான் அதிக ஆசையோடு பார்த்தான்.

5.

முடிவு, முதல் வகை: அவள் சட்டென்று ஒன்றைக் கட்டிச் சொல்கிறாள். கைதட்டல். ஆயுள் முழுக்க அதைத் தாத்தாவின் முடிவென்றே தம்பி நம்புகிறான். [எழுதி முடித்ததும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால்தான் கோடு போட்டு அடித்தேன்.]

இன்னொரு வகை: அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஓடத் தொடங்— சே!

நடந்தது இதுதான். அவள் தம்பியை மட்டும் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா சொல்லலடா. தூங்கிட்டே இருந்தார். நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

பட்டாசு கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. மூடியைத் திறந்து காசை எடுத்து ஒவ்வொருவரிடமும் நீட்டினான். "முடிவு இல்லியாம். திருப்பி வாங்கிக்கோங்க." ஒருவரும் கை நீட்டவில்லை.

"போடா, பெரிய முடிவு!" என்றார் தையல்காரம்மா. "யானை முதுகுல ஏறி உட்கார்ந்துக்கிட்டான். அவ்வளவுதான்!"

"அதெப்படிம்மா? தெரியும்னு பொய் சொல்லியிருப்பான். படகோட்டிக்கு நீச்சல் தெரியலன்னா வெளியில தலைகாட்ட முடியுமா?" என்றார் மேலாளர்.

"உங்களை மாதிரி வீம்பு புடிச்சவனா இருந்தா சரிதான்!"

ஆளாளுக்குப் பேச, படிக்கட்டே சந்தைக்கடை ஆனது. பட்டாசு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். டப்பாவைப் படாரென்று மூடினான்.

"நிறுத்துங்க! இனிமே முடிவு சொல்றவங்கதான் காசு போடணும்!"

போட்டார்கள், போட்டுப் போட்டுச் சொன்னார்கள். நானும் போட்டுவிட்டு ஒன்று சொன்னேன், எடுபடவில்லை. கடைசியில் அவன் அக்காவிடம் வந்தான். "நீ சொல்லுக்கா."

"எனக்கு அது முடிய வேண்டாம்டா" என்றாள். சொல்லிவிட்டு, தாத்தா போன நாளில்கூட அழாதவள், அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதாள். அவன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒட்டி உட்கார்ந்தான்.

"அப்ப அவங்க இன்னும் ஆத்துலதான் இருக்காங்களா?"

"ஆமா."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்."

6.

படகை நான் கரை சேர்ப்பதாக இல்லை. எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் பட்டாசின் விதி உங்களுக்கும் உண்டு. போட்டுவிட்டுச் சொல்லுங்கள்.