பேரம் பேசாத சம்பந்தி

கோவிந்தப்பா பெங்களூர் சிவாஜி நகரில் ஒரு பாத்திரக்கடையில் இருபத்திரண்டு வருஷமாக விலை சொல்லி வருபவர். எந்த விலையிலும் மூன்றில் ஒரு பங்கு கற்பனை என்பது அவருக்குத் தெரியும். பகல் முழுக்க அந்தக் கற்பனையைச் செய்பவரே அவர்தான். அதனால் சாயங்காலம் கடையை விட்டு இறங்கி அவரே ஏதாவது வாங்கப் போனால், எதிரில் நிற்பவன் பாடு கஷ்டம். நீலசந்திராவில் ஒரு கீரைக்காரி அவர் தலை தெரிந்ததும் விலையை ஒரு ரூபாய் ஏற்றிவிடுவாள். அவர் ஒரு ரூபாய் குறைப்பார். இரண்டு பேருக்கும் திருப்தி.

அப்படிப்பட்டவர் மகள் விஜிக்குக் கல்யாணம் வைத்தார். தொண்ணூற்றொன்பது டிசம்பர் பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை தினேஷ் ஆனேக்கல் பையன், பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா யசோதா நிபந்தனை என்று ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருந்தாள்: "எந்த ஞாயித்துக்கெழமையா இருந்தாலும் சரி. கார்த்திகை முடியறதுக்குள்ள முடிச்சிடணும். மார்கழில தாலி கட்டற வீடு இல்ல எங்களுது." கோவிந்தப்பா வீடும் அந்த மாதிரி வீடு இல்லைதான். பன்னிரண்டாம் தேதி கார்த்திகை இருபத்தாறு. மார்கழி பிறக்க இன்னும் நாலு நாள் இருந்தது.

அந்த நாளுக்கு அவர் மண்டபத்தைப் பாதி வாடகைக்குப் பிடித்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய சாதனை. சனிக்கிழமை அங்கே வேறொரு கல்யாணம். அவர்கள் ராத்திரி காலி செய்ததும் விடியற்காலை நாலு மணிக்கு உள்ளே நுழைந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். அதோடு விடவில்லை. சனிக்கிழமைக்காரர்கள் தூணுக்குச் சுற்றும் பூவைப் பிய்க்காமல் அப்படியே விட்டுவைக்கும்படி பூ அலங்காரக்காரனையும் பேசி முடித்துவிட்டார். மே மாதமாக இருந்தால் காலையில் குப்பைதான் இருக்கும். பெங்களூர் டிசம்பர் குளிரில் பூ ராத்திரி வைத்ததைவிடக் காலையில் தெளிவாக இருக்கும்.

"மண்டபம் எப்படி அரை ரேட்டுக்குக் கெடச்சுது?" என்று போனில் யசோதா கேட்டபோது, "அது தொழில் ரகசியம்மா" என்று சிரித்து வைத்தார். அந்தச் சிரிப்புதான் பிற்பாடு வினையானது.

கார்டு அடிக்கக் கொடுத்தது தெருக்கோடியில் நாகேஷின் அச்சகத்தில். ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தமிழ். நாகேஷ் கன்னடக்காரர்; தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். கன்னடப் பக்கத்தை, கன்னட மீடியத்தில் படித்த விஜி வரி வரியாகப் பார்த்துச் சரி என்றாள். தமிழ்ப் பக்கம் அப்பா பொறுப்பு.

"ஸார், புரூஃப் நோடி. சரியா இருந்தா ஒரு சைன் போடுங்க."

"இந்த ரேட்டு கவரோட சேத்துதானே?"

"கவர் பேரெ ஸார்."

"வேறயா? இந்தக் குளிர்ல கார்டு வெறும் ஒடம்போட போவுமா?"

அரை மணி நேரம் பேசிக் கவரை இலவசமாக்கினார். அந்த வெற்றியில் கையெழுத்துப் போட்டார். புரூஃப் காகிதம் அவர் விரலுக்கடியில்தான் இருந்தது. படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கீழே எஸ்.டி.டி. பூத்துக்கு தினேஷிடமிருந்து போன் வந்தது. பேசிவிட்டு விஜி படியேறி வந்தாள். முகம் சரியில்லை.

"அப்பா, நம்ம கார்டுல என்ன மாசம் போட்டிருக்கு?"

"கார்த்திகை."

"எடுத்துப் படி."

எடுத்துப் படித்தார். 'நிகழும் மங்களகரமான பிரமாதி வருஷம் மார்கழி மாதம் 26ஆம் தேதி.' மறுபடி படித்தார். அதேதான்.

நாகேஷைக் கூப்பிட்டால் அவர் பெருமையோடு வந்தார். "கன்னட மாசம் மார்கசிர ஸார். எட்டாம் தேதியே பொறந்துடும். நம்மல்லி அது கல்யாணத்துக்கு ரொம்ப ஒசத்தி. நிம்ம தமிழல்லி அதுதானே மார்கழி? நீங்க எழுதிக் குடுத்தது தப்புன்னு நானே யோசிச்சு மாத்தினேன்."

கன்னட மாசம் அமாவாசையைப் பார்த்துப் பிறக்கிறது, தமிழ் மாசம் சூரியனைப் பார்த்துப் பிறக்கிறது. பெயர் ஒன்று போல இருந்தாலும் ஒன்றில் தாலி கட்டலாம், மற்றொன்றில் கட்டக்கூடாது. இதையெல்லாம் நாகேஷிடம் விளக்கி என்ன பயன்? முந்நூறு கார்டும் காய்ந்துவிட்டன. அதில் நூறு ஏற்கனவே ஆனேக்கல் போய்ச் சேர்ந்துவிட்டது.

"அவங்க அம்மா கணக்குப் போட்டுட்டாங்களாம்பா" என்றாள் விஜி. "மார்கழி இருபத்தாறுன்னா ஜனவரி. அந்த மாசம் மண்டபம் எல்லாம் சும்மா கெடக்கும். அதான் அரை ரேட்டு. நம்மகிட்ட டிசம்பர்னு சொல்லிட்டு, மனுஷன் நாளையே மாத்திட்டான்னு சொல்றாங்களாம். கல்யாணமே யோசிச்சுதான் சொல்லணும்னுட்டாங்களாம்."

"அதுலயே பன்னெண்டு டிசம்பர்னு நம்பர் போட்டிருக்கே?"

"எது நெஜம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? உன்னப் பத்தி ஊருக்கே தெரியும்." கொஞ்ச நேரம் கார்டின் ஓரத்தையே தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கு அவரப் புடிச்சிருக்குப்பா."

கோவிந்தப்பா கார்டை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு நீயும் அம்மாவும் ஆனேக்கல் போவீங்க இல்ல? அங்க போய் பேரம் பேசாத. அவங்க என்ன கேட்டாலும் சரின்னு சொல்லிடு."

"என்ன கேட்டாலுமா?"

"என்ன கேட்டாலும்."

"ஒரு முக்கால்வாசிக்கு சரின்னு..."

"அப்பா!"

"சரி. சத்தியமா பேசல."

மறுநாள் கோவிந்தப்பாவும் மனைவி தனக்கோடியும் மார்க்கெட்டில் பஸ் ஏறி ஆனேக்கல் போனார்கள். யசோதா புருஷன் போனபிறகு சந்தையில் காய்கறிக் கடை போட்டுப் பையனை ஐ.டி.ஐ. படிக்கவைத்தவள். கூடம் முழுக்க அவரைக்காய் கொட்டியிருந்தது; பனியில் நனைந்த சீசன் காய், வீடே வாசனை அடித்தது. அவள் நடுவில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணா. வாங்கண்ணி." காபி வந்தது. டம்ளர் கொஞ்சம் சத்தமாகத்தான் தரையில் உட்கார்ந்தது.

கோவிந்தப்பா மண்டபத்து ரசீதை எடுத்து நீட்டினார். கன்னட ரசீது. யசோதா வாங்கி எழுத்து விடாமல் படித்தாள். பன்னிரண்டு டிசம்பர், காலை நாலு முதல் பகல் இரண்டு. அச்சகத்துக் கதையையும் சொன்னார்.

"சரி, நாள் மாறல" என்றாள் அவள். அவரைக்காய் மட்டும் இன்னும் கோபமாகவே உரிந்தது. "அப்ப அரை ரேட்டு எப்படி?"

அதையும் சொன்னார்.

"ஊரான் கல்யாணத்துப் பூவா என் பையனுக்கு?"

கோவிந்தப்பாவின் நாக்கு நுனியில் நல்ல பதில் ஒன்று வந்து நின்றது. தூணுக்குச் சுற்றும் பூவுக்கு மாப்பிள்ளை யார் என்று தெரியவா போகிறது? அதை விழுங்கினார். "வேணாம்னா புதுசா போட்டுடறேன்மா."

"எல்லாத் தூணுக்கும்?"

"எல்லாத் தூணுக்கும்."

"இந்தக் கார்டை நான் யாருக்கு வெப்பேன்? புதுசா அடிக்கணும்."

"அடிச்சிடலாம்."

"சனிக்கெழம சாயங்காலம் ரிசெப்ஷன் இல்லாம எங்க ஆளுங்க என்னை என்ன பேசுவாங்க?"

"வேற மண்டபம் பாத்து வெச்சிடலாம்."

யசோதா உரிப்பதை நிறுத்தினாள். கோவிந்தப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு தனக்கோடி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. பொண்ணுக்கு ஒடம்புல ஏதாச்சும் கொறையா?"

தனக்கோடிக்குக் காபி புரையேறிவிட்டது. "ஐயையோ, என்ன பேச்சு இது!"

"பின்ன என்னண்ணி? நான் பதினாறு வருஷமா சந்தையில ஒக்காந்திருக்கேன். சொன்ன வெலைய அப்படியே குடுக்கறவங்க ரெண்டு வகைதான். ஒருத்தன் கள்ள நோட்டு வெச்சிருப்பான். இன்னொருத்தன் அந்தப் பக்கமே திரும்பி வரமாட்டான். நிச்சயத்தன்னிக்கு வெத்தலைக் கட்டுக்கு என்கூட அவ்ளோ நேரம் மல்லு கட்டின மனுஷன், இன்னிக்கு கேட்டதுக்கெல்லாம் தலையாட்டறாருன்னா எனக்கு சந்தேகம் வருமா வராதா?"

கோவிந்தப்பா மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தால் சத்தியம் உடையும். திறக்காவிட்டால் கல்யாணம் உடையும். வாங்குபவன் முன்னால் இப்படி வாயை மூடிக்கொண்டு அவர் ஒருநாளும் நின்றதில்லை.

தனக்கோடிதான் போட்டு உடைத்தாள். "பேரம் பேசக்கூடாதுன்னு பொண்ணு இவருகிட்ட சத்தியம் வாங்கிட்டா. உங்க பையன் மேல அவ்ளோ ஆசை அவளுக்கு. எங்க இவரு வாயத் தொறந்து கெடுத்துடுவாரோன்னு பயம். நேத்துலேருந்து இவருக்கு சோறே எறங்கல."

யசோதா ஒரு கணம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் தோளெல்லாம் குலுங்கச் சிரித்தாள். மடியிலிருந்த அவரைத் தோல் சிதறியது.

"அடப் பாவமே! அதுக்குன்னு இப்படியா? பேசாம இருந்தா ஒறவு எப்படிண்ணா வளரும்? வெத்தலைக்கு என்கூட சண்ட போட்டீங்களே, அன்னிக்குதான் இந்த வீட்ல பொண்ணு எடுக்கலாம்னு முடிவே பண்ணினேன். பைசாவோட அருமை தெரிஞ்ச வீடுன்னு."

கோவிந்தப்பா மனைவியைப் பார்த்தார்.

"பொண்ணுகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் தனக்கோடி. "பேசித் தொலைங்க."

அவர் சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். முகத்தில் ரத்தம் ஏறியது. "மொதல்ல ரிசெப்ஷன். வேற மண்டபம் எல்லாம் ஆவாது."

"அப்ப சாப்பாட்டுல ஏத்துங்க. இந்த அவரையில பிதுக்குப் பருப்பு குழம்பு இருக்கணும்."

"குழம்பு ஒத்துக்கறேன். தூணுக்கு சனிக்கெழமப் பூதான்."

"தூணுக்கு இருந்துட்டுப் போவட்டும். பொண்ணு மாப்ள ஒக்கார்ற எடத்துக்குப் பின்னாடி புதுசு."

"பாதி அகலத்துக்கு."

"முழு அகலம்."

"சரி, முழுசு. ஆனா புதுக் கார்டு கெடையாது. ஒரு வார்த்தை தப்புக்கு முந்நூறு கார்டைத் தூக்கிப் போடறதா?"

"அடிச்சுத் திருத்தின கார்டை நல்ல காரியத்துக்கு எவ வீட்ல வெப்பாங்க? ஆவாதுண்ணா."

பேரம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மூலையில் நூறு கார்டும் யாருக்கும் வைக்காமல் இருந்தது. தனக்கோடி அதில் ஒன்றை உருவி, சமையலறைப் பக்கம் போய், கொஞ்சம் மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போல நாலு மூலையிலும் வைத்தாள். ஐந்தாவதாக விரலை நன்றாகத் தோய்த்து 'மார்கழி' மேல் ஒரு பொட்டு வைத்தாள்.

மார்கழி காணாமல் போயிற்று.

யசோதா கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எந்த மாசம்னு கேப்பாங்களே?"

"கார்டு வெக்கறப்ப வாயால சொல்லணும் அண்ணி. கார்த்திகை இருபத்தாறு, அவசியம் வரணும்னு. வாயால சொல்லாத கல்யாணத்துக்கு யாரு வராங்க?"

"நடுவுல ஏன் மஞ்சள்னு கேட்டா?"

"எங்க பக்கத்து வழக்கம்னு சொல்லுங்க. எங்க பக்கத்துல கேட்டா, ஆனேக்கல் வழக்கம்னு நாங்க சொல்லிடறோம்."

கோவிந்தப்பா மனைவியை, கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, தொழில்காரனுக்குத் தொழில்காரன் பார்க்கும் பார்வை பார்த்தார்.

மத்தியானத்துக்குள் மூவரும் வட்டமாக உட்கார்ந்து வேலையில் இறங்கினார்கள். ஒருத்தர் உருவ, ஒருத்தர் மஞ்சள் வைக்க, ஒருத்தர் காய வைக்க. அப்போதுதான் கோவிந்தப்பாவின் கண் மறுபடி கூடத்து அவரைக்காய் மேல் போயிற்று.

"யசோதாம்மா, குழம்புக்கு அவரை உங்க கடையிலேருந்தேதான் எடுக்கணும். கிலோ என்னா?"

யசோதா முகத்தை மாற்றாமல் ஒரு விலை சொன்னாள்.

"அநியாயம்! சந்தையில பாதி வெலைக்குக் கூவறான்!"

"அது பூச்சிக் காய். மோந்து பாருங்க இத!"

"மோந்து பாத்தா வயிறு நெறையுமா? முப்பது கிலோ எடுக்கறேன், வெலைய எறக்குங்க!"

"முப்பது கிலோவுக்கு எறக்கினா நான் தலையில துண்டு போட்டுக்கணும்!"

ஷிப்டு முடிந்து தினேஷ் அந்த நேரத்தில்தான் வாசலில் வந்து நின்றான். உள்ளே அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்துகிறாள். மாமனார் எழுந்து நின்று திருப்பிக் கத்துகிறார். டிபன் பாக்ஸ் பையோடு அவன் முகம் வெளுத்துப் போய்விட்டது.

"அத்தை, என்ன ஆச்சு? கல்யாணம்...?"

தனக்கோடி தலையைத் தூக்காமல் அடுத்த கார்டில் பொட்டு வைத்தாள்.

"ஒண்ணுமில்ல மாப்ள. சம்பந்தம் பேசறாங்க. செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."