ஒன்பதாம் பக்கத்து யானை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. தட்டச்சு செய்யச் சொல்லிக் கொடுக்கப்பட்டது. சூரமங்கலத்தில் ரயில்வே ஆபீசுகளுக்கு எதிர்ச்சாரியில் தட்டச்சுப் பள்ளி வைத்திருக்கிறேன். மூன்று மிஷின்கள், அவற்றில் இரண்டு ஓடும். 1947 தை மாதத்தில் ஜங்ஷன் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா தீர்த்தகிரி ஒரு நீள நோட்டுடன் வந்து மூன்று பிரதி வேண்டுமென்றார். ஆங்கிலத்தில் நாற்பத்திரண்டு வரிசைகள். எண், தேதி, அடையாளம், உள்ளடக்கம், சேதம் என்று கட்டம் போட்டிருந்தது. காணாமற்போன சரக்குப் பட்டியல் என்று நினைத்து அடித்துக்கொண்டு போனேன். பத்தாவது வரிசையில் ‘சேதம்’ கட்டத்தில், ‘இரண்டாவது நிமிடத்தில் ஊசி தாவும்’ என்றிருந்ததும் கை நின்றுவிட்டது.

“இது என்ன லிஸ்ட்டுங்க?”

“ஒரு மனுசன் கிதார் வாசிச்சு வந்த பிளேட்டுங்க, பூராவும்.”

“உங்க ஒறவா?”

“பிரான்சுக்காரருங்க. ஜிப்சி. குதிரை வண்டியவே ஊடா வெச்சுக்கிட்டு ஊரூராப் போற சனம்.”

“நேர்ல பாத்திருக்கீங்களா?”

“போட்டோகூடப் பாத்ததில்லீங்க.”

போட்டோகூடப் பார்க்காத ஒருவருக்காகப் பதின்மூன்று வருஷம் பட்டியல் போட்டிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் சொந்தப் பாட்டனாருக்கு இறந்த தேதிகூட ஒழுங்காகக் குறித்து வைத்ததில்லை. பொறாமையில்தான் கதை எழுத உட்கார்ந்தேன்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிதார்க்காரருக்கு மிலோ வஷார் என்று பெயர் வைத்தவன் நான்தான். கடையில் போய்க் கேட்டு யாரும் செருப்பைத் தேய்க்க வேண்டாம்.)

2

ஆரம்பிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

‘பாரிஸ் நகரத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், மிலோ வஷார் தன் கிதாரை’ — நிறுத்திவிட்டேன். எனக்குத் தெரிந்த பனி ஏற்காட்டு மூட்டம். அதிலும் போர்வைக்குள் இருந்து பார்த்ததுதான்.

‘இசைக்கு எல்லை ஏது? மொழி ஏது?’ — இது பள்ளி ஆண்டு விழாவில் நான் பேசியது. அப்போதே யாரும் கைதட்டவில்லை.

‘1934இல், யாரும் வந்து கேட்காத பார்சல்களை ஏலம் விட்டபோது தீர்த்தகிரி ஒரு பெட்டி எடுத்தார்.’ — சப்பென்று இருக்கிறது. ஆனால் நடந்த மாதிரி இருக்கிறது. இப்படியே போகலாம்.

3

துணியென்று நினைத்துத்தான் எடுத்தார். உள்ளே ஆறு இசைத்தட்டுகள், மூன்று உடைசல். தீர்த்தகிரியிடம் பாட்டுப்பெட்டி கிடையாது. எனவே கை தன் பழக்கத்தைச் செய்தது: உள்ளடக்கம் இன்னது, சேதம் இன்னது என்று எழுதி வைத்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷன் பக்கத்துக் காபி கிளப்பில், அங்கிருந்த பெட்டியில் முழுசாக இருந்த ஒரு தட்டை வைத்துக் கேட்டார்.

கிதார் என்ற வாத்தியத்தை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. பின்னால் இரண்டு பேர் ரயில் தண்டவாளத்தில் போகிற மாதிரி தாளம் தவறாமல் தட்டிக்கொண்டே இருக்க, முன்னால் ஒருவன் டிக்கெட் இல்லாமல் பெட்டி பெட்டியாகத் தாவிக்கொண்டிருந்தான்.

“கம்பி அந்துரப் போவுது, நிறுத்துங்க” என்றார் கிளப்காரர்.

தீர்த்தகிரியின் காபி ஆறிப்போயிற்று. வெளியில் பார்க்க நடந்தது அவ்வளவுதான்.

(இந்த இடத்தில் ‘அவன் உள்ளத்தில் ஏதோ ஒன்று’ என்று ஒரு பத்தி எழுதினேன். அது எதுவென்று எனக்கே தெரியாததால் எடுத்துவிட்டேன்.)

லேபிளில் குழுவின் பெயர்தான் இருந்தது. வாசித்தவன் யார், எந்த வருஷம், அதே மெட்டு வேறொரு தட்டில் ஏன் வேறுமாதிரி ஓடுகிறது, ஒன்றும் தெரியவில்லை. துழாவத் துழாவ ஒரு விஷயம் பிடிபட்டது. லேபிளுக்கும் ஊசி ஓடும் வரிகளுக்கும் நடுவே வழுவழுப்பான இடத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் கீறியிருக்கும். ஒவ்வொரு வாசிப்புக்கும் ஓர் எண். லேபிள் ஒட்டுபவன் தவறலாம், கீறிய எண் தவறாது. இதைத் தீர்த்தகிரி வேதம் மாதிரி பிடித்துக்கொண்டார்.

பிடித்துக்கொண்டது ஒரு வியாதியாகவும் ஆயிற்று. தப்பான லேபிளைக் கண்டால் சிவப்பு மையால் திருத்துவார். தன் தட்டு, பிறத்தியார் தட்டு என்ற பேதமில்லை. கிளப்காரரின் தட்டொன்றில் அச்சாகியிருந்த ராகத்தின் பெயரைத் திருத்தியதிலிருந்து அந்தக் கிளப்பில் அவருக்குக் காபி கிடையாது.

புதுச்சேரி போய்வரும் ரயில் கார்டுகள் தட்டு கொண்டுவந்தார்கள். லண்டனில் இதே வியாதி உள்ள ஒருவருடன் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. வாசித்தவர் யாரென்று தெரிந்ததே அவர் மூலம்தான். யுத்த காலத்தில் இரண்டு மாதம் கடலில் கிடந்து வந்த கடிதத்தில் அவர் எழுதியிருந்தார்: ‘வஷார் வாசித்தது மொத்தம் நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டாவது இருக்கிறதென்று எவனாவது சொன்னால் அவன் பொய்யன், அல்லது நான் தேடும் மனிதன்.’

4

இனி சென்னியம்மாள் வரவேண்டும்.

முதல் பிரதியில் அவரை விதவையாக்கியிருந்தேன். வாசகரிடம் கண்ணீரைச் சுலபமாக வாங்கிவிடலாம் என்ற சோம்பேறித்தனம். இப்போது புருஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராசிபுரத்தில் நெசவு செய்கிறார், நல்ல மனுஷர். ஆனால் இது 1943. நூலுக்குத் தட்டுப்பாடு, மாதத்தில் பாதி நாள் தறி சும்மா நிற்கிறது. சென்னியம்மாள் கல்யாண வீடுகளுக்குப் பாட்டுப்பெட்டி கொண்டுபோய் ஓட்டுவதில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

அவரைக் கூப்பிடுவது பெட்டிக்காக அல்ல, ஒரு நாடகத்துக்காக. மரகதவல்லி கல்யாணம். (நானே கட்டிய நாடகம். மன்னிக்கவும்.) ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பிறக்கும் மரகதவல்லிக்குப் பன்னிரண்டாம் பக்கத்தில் தாலி ஏறும். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது இந்தச் செட்டை வைப்பார்கள். வைத்தால் ஒரு பக்கம் விடாமல் கடைசிவரை ஓட்டியாக வேண்டும். நடுவில் நிறுத்தினால் மரகதவல்லி தாலியில்லாமல் நிற்பாள். அது மணப்பெண்ணுக்கு ஆகாது.

ஒன்பதாம் பக்கத்தின் லேபிளில் ‘மதயானை துரத்தல்’ என்றிருக்கும். மற்றவர்கள் வைத்திருக்கும் செட்டில் அந்தப் பக்கத்தில் ஒரு பாகவதர், யானை வருகிறதே என்று மூன்று நிமிஷம் ஓலமிடுவார். சென்னியம்மாளின் செட்டில் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. யானையே ஓடியது. பின்னால் தொம் தொம்மென்று அதன் கால். முன்னால் கொலுசு தெறிக்கத் தெறிக்க மரகதவல்லி. குழந்தைகள் தூணுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். குமாரபாளையத்திலிருந்தெல்லாம் வந்து, ‘ஆனை ஓடுற செட்டு’ என்று கேட்டுத்தான் அழைத்துப்போனார்கள்.

(நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். தட்டு அச்சடிக்கும் ஆலையில் யாரோ ஒருவர், சாப்பாட்டு வேளையாக இருக்கலாம், பக்கத்தில் கிடந்த கிதார்த் தட்டின் அச்சுத் தகட்டை எடுத்து மாட்டிவிட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். என் கற்பனையில் இருக்கும் கம்பெனி.)

5

பார்சல் ஆபீஸ் பியூன் கருப்பண்ணனின் அக்கா மகளுக்கு ராசிபுரத்தில் கல்யாணம். தீர்த்தகிரி போயிருந்தார். இரண்டாம் பந்தியில் ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது சென்னியம்மாளின் பெட்டியில் ஒன்பதாம் பக்கம் ஆரம்பித்தது.

முதல் நான்கு தாளத்திலேயே தெரிந்துவிட்டது. மெட்டு தெரியாத மெட்டு, ஆனால் கை தெரிந்த கை. இலையை மடிக்காமல் எழுந்து, எச்சில் கையைக் கழுவினாரோ இல்லையோ, பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். தட்டு நின்றதும் குனிந்து, லேபிளின் ஓரத்தில் விரல் வைத்தார்.

“ஏனுங்க, கையெடுங்க! ரசத்தக் கொண்டாந்து பிளேட்டுல பூசறீங்க?”

“அக்கா, ஒரே நிமிசம். அந்த நம்பர மட்டும் பாத்துக்கறேன்.”

“நம்பரா? ரயிலு டிக்கெட்டாட்ட இதுக்கும் நம்பரு இருக்குதுங்களா?”

இருந்தது. லண்டன்காரரின் நாற்பத்தொன்றில் இல்லாத எண். நோட்டில் குறித்துக்கொண்டபோது பென்சில் முனை ஒடிந்தது.

“அக்கா, இன்னொருக்கா வெய்யுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவுது.”

“அதெப்படிங்க சாமி? ஒரு கலியாணத்துல ஆனை ரெண்டு வாட்டி தொரத்துமா? புள்ள பாவமில்லீங்களா?”

அப்போது மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “ஆனையாவது பூனையாவது. இது வெள்ளக்காரன் டான்ஸ் பாட்டுங்க.”

குழந்தைவேல். மாப்பிள்ளையின் ஒன்றுவிட்ட அண்ணன். பெங்களூரில் ஒரு ஓட்டலில் சாப்பாடு பரிமாறுபவர்.

“சனிக்கெழமையானா எங்க ஓட்டல்ல இந்த மாதிரிதான் போடுவான். தொரையும் தொரைசானியும் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஆடுவாங்க.”

பந்தியில் சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளையின் தாயார் முத்தாயம்மாள் சிரிக்கவில்லை.

“ஏண்டா, நெசமாவா? என்ற மவன் கலியாணத்துல இந்தக் கருமமா? பொட்டிய மூடச் சொல்லுங்க!”

கருப்பண்ணன் ஓடிவந்தார். “சம்பந்தியம்மா, நடுவால நிறுத்தக்கூடாதுங்க. இன்னும் மூணு பக்கம் இருக்குது. புள்ளைக்கு இன்னும் தாலி ஏறலீங்க.”

“காலையில ஏறினது என்னவாம்?”

“இது பொட்டிக்குள்ள இருக்கற புள்ளைக்குங்க.”

“டான்ஸ் ஆடுறவளுக்கு என்னத்துக்குத் தாலி? இனி இந்தச் செட்ட எவன் ஊட்டுல வெக்கறான்னு நானும் பாக்கறேன்.”

மணவறைப் பக்கம் பெண்ணின் முகம் சுண்டிப்போனது. சென்னியம்மாள் பத்தாம் பக்கத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஊசியை இறக்காமல் நின்றார். பிறகு கையை நீட்டித் தீர்த்தகிரியைக் காட்டினார்.

“இந்த ரயிலு சாரு படிச்சவரு. இப்பத்தான் நம்பரெல்லாம் பாத்து நோட்டுல எழுதினாரு. அது ஆனையா, டான்ஸான்னு அவரே சொல்லட்டுங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது.

6

கொஞ்சம் பொறுங்கள். குழந்தைவேல்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

கதைக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டதால் பெங்களூரிலிருந்து நான் ரயிலேற்றி இறக்கிய ஆள் அவர். முதலில் பெரிய மீசை வைத்தேன். பிறகு மழித்தேன். மழித்ததும் முகம் தெரிந்தது. இருபத்துமூன்று வயது. அந்த ஓட்டலில் அவருக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பது தட்டு ஓடும் அந்த மூன்று நிமிஷம்தான். அப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. ஊரில் வந்து எதிர்பாராமல் அதே போன்றதைக் கேட்டதும் வாய் தவறி, சந்தோஷத்தில்தான் சொன்னார். இப்போது யாருடைய முகத்தையும் பார்க்க முடியாமல் இலையில் உப்பை நகர்த்திக்கொண்டிருக்கிறார். சரி, அவர் அங்கேயே இருக்கட்டும். இனிமேல் கெட்டவன் கிடையாது. எனக்கு வேலை கூடிப்போயிற்று.

7

முதல் முடிவு. தீர்த்தகிரி உண்மையைச் சொல்கிறார். எண், வருஷம், மிலோ வஷார், பாரிஸ், எல்லாம். கையிலே சிவப்பு மைப் பேனா. ஒரு தவறும் இல்லாத இரண்டு பக்கம். கடைசி வரியில் சென்னியம்மாள் உச்சி வெயிலில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நானே கிழித்தேன்.

இரண்டாம் முடிவு. “ஆனைதானுங்க” என்கிறார். எல்லோருக்கும் நிம்மதி. பாயசம் வருகிறது. ஆனால் பிறத்தியார் தட்டையும் திருத்திக் காபியை இழந்த மனிதர் எங்கே போனார் என்று தேடினால் ஆளைக் காணோம். அவர் இல்லாத கல்யாணத்தில் எனக்கென்ன வேலை?

மூன்றாம் முடிவு. “அந்த ஜிப்சிக்காரரு ஆனையப் பாத்துட்டுத்தான் இத வாசிச்சாருங்க.” இதை எழுதியதும் என் முதுகில் நானே தட்டிக்கொண்டு, மனைவி தெய்வநாயகியிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள்:

“இது நீங்க தப்பிக்கற வழிங்க. அந்த மனுசன் தப்பிக்கற வழியில்ல.”

வேறு வழியில்லாமல் தீர்த்தகிரியையே பிடித்தேன். பிரதிகளை வாங்கிப்போக வந்தவர் உட்கார்ந்து சரிபார்த்துக்கொண்டிருந்தார். ‘நாற்பத்திரண்டாவதுதான் பட்டியலில் இருக்கிறதே, அப்படியானால் உண்மையைத்தானே சொல்லியிருப்பார்’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன்.

“லண்டனுக்குக் காயிதத்துல எழுதறது வேற, பந்தியில வாயத் தொறக்கறது வேறங்க.”

“பந்தியில என்ன சொன்னீங்க?”

“மூணாவது பிரதியில மை மங்கலா உழுந்திருக்குதுங்க.”

“அது கிடக்கட்டும். என்ன சொன்னீங்க?”

காகிதங்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். “நாஞ் சொன்னத உடுங்க. அதுக்கு முந்தி அக்கா எனக்கு மட்டும் கேக்கறாப்பல ஒண்ணு சொன்னாங்க. வேணும்னா அத எழுதிக்கங்க.”

8

எழுதிக்கொண்டேன். இதோ.

பந்தி முழுக்க அவரையே பார்க்கிறது. முத்தாயம்மாள் இடுப்பில் கை வைத்திருக்கிறார். மணப்பெண் பார்க்காத மாதிரி பார்க்கிறாள். தீர்த்தகிரி வாயைத் திறக்கப்போகிறார். அப்போது சென்னியம்மாள், பெட்டிக்குச் சாவி முறுக்குவதுபோல் குனிந்து, தலையை நிமிர்த்தாமல் மெல்லச் சொல்கிறார்:

“எனக்கு மொத நாளே தெரியுமுங்க சாமி. ஆனைக்கு ஏதுங்க இத்தன வெரலு?”

அவ்வளவுதான். இதற்குமேல் தீர்த்தகிரியிடம் கேட்க முடியாது. மூன்று பிரதியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்னிடமும் கேட்க வேண்டாம். மூன்று தடவை தோற்றவன். வாசித்தவர் யார், ஓடியது யார், உலை வைப்பவர் யார், மூன்றும் உங்களுக்குத் தெரியும். பந்தியில் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். பெட்டிக்குச் சாவி கொடுத்தாயிற்று, தட்டு சுற்றத் தொடங்கிவிட்டது. சென்னியம்மாள் ஊசியை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு உங்கள் வாயைப் பார்க்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், அவருக்குக் கை வலிக்கும்.