மின்கம்பிகளுக்குக் கீழே லாலான்

அடியிலிருந்து நுனி வரை, துணி சுற்றிய மூன்று விரலால் ஒரு புல்தாளைப் பிடித்து உருவி விட்டால் அது மருந்து ஈரத்தோடு மினுங்கிக்கொண்டு நிமிரும், பிறகு அடுத்த தாள், அடுத்த தாள், லாலான் புல்லை இப்படித்தான் கொல்ல வேண்டும், வேறு எப்படியும் அது சாகாது, வெட்டினால் அடர்ந்து வரும், கொளுத்தினால் ஒரு மழைக்குப் பிறகு முன்னிலும் பச்சையாக நின்று சிரிக்கும், கொத்திப் போட்டால் துண்டான வேர் ஒவ்வொன்றும் தனிக்குடித்தனம் தொடங்கிவிடும், இலை வழியாக மருந்து இறங்கி வேருக்குப் போனால்தான் அதன் கதை முடியும், அதனால் எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் பெண்களை மட்டும் வரிசையாகக் குந்த வைத்து, இடுப்பில் ஆளுக்கொரு மருந்து டின்னைக் கட்டிவிட்டு, புல்லைத் துடைக்கச் சொன்னார்கள், ஆமாம், துடைக்கத்தான், பிள்ளைக்கு மூக்குத் துடைப்பதுபோல, வெளியாளிடம் சொன்னால் சிரிப்பான், சிரித்துவிட்டுப் போகட்டும், அவன் கையில் நகம் இருக்கிறது, என் வலக்கையில் மூன்று விரலுக்கு நகம் கறுத்து உதிர்ந்து, திரும்ப வந்தது கோணல் மாணலாக வந்தது, குழம்பில் உப்புப் போட எடுத்தால் எவ்வளவு எடுத்தேன் என்று அந்த விரல்களுக்குத் தெரியாது, பார்த்துத்தான் போட வேண்டும்.

மண்டோர் காத்தமுத்து பாதையில் குடை பிடித்து நிற்கிறார், எங்கள் வேலையை மேய்க்கும் வேலை அவருடையது, இந்தா, இங்க ஒண்ண விட்டுட்ட பாரு என்று குடை நுனியால் காட்டுகிறார், ஆயுசில் ஒரு தாளைத் தொட்டதில்லை அந்த மனுசன், ஆனால் நாங்கள் விட்ட ஒற்றைத் தாள் மட்டும் அவர் கண்ணில் தப்பாது, நான் புல்லை வெறுத்தேனா அவரை வெறுத்தேனா என்று பிரித்துச் சொல்ல முடியாது, தாளை உருவும்போதெல்லாம் அவர் மீசையை உருவுவதாக நினைத்துக்கொள்வேன், கை வேகமாக ஓடும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண் அயர்ந்தாலும் கை ஓயாது, பக்கத்தில் படுத்திருக்கும் மகள் தவமணியின் தலைமுடியை அடியிலிருந்து நுனி வரை, அடியிலிருந்து நுனி வரை, கனவில் அந்த முடி பச்சையாகத்தான் இருக்கும், அம்மா நான் புல்லு இல்லம்மா என்று அவள் என் கையைப் பிடித்து நிறுத்துவாள், அப்போது அவளுக்கு எட்டு வயதா ஒன்பதா, இல்லை, இது அடுக்குமாடிக்கு வந்த பிறகு நடந்ததா, முடி மட்டும் நினைவிருக்கிறது.

தோட்டத்தை வீடு கட்டுகிற கம்பெனிக்கு விற்றார்கள், லயத்து வீடுகளை இடித்துவிட்டு எங்களை ஐந்தாம் மாடியில் ஏற்றினார்கள், மண்ணை மிதிக்க வேண்டுமென்றால் லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், லிஃப்ட் ஓடினால்தானே, ஜன்னலைத் திறந்தால் எதிரே பெரிய மின்கம்பிகள் போகிற நீண்ட வெற்றிடம், அங்கே வீடு கட்டக் கூடாது, அதனால் லாலான் கட்டிக்கொண்டது, இடுப்பளவு, பூத்தால் முழுக்க வெள்ளை, பழைய மெத்தையும் உடைந்த டிவியும் எறிகிற இடம், அந்த வெள்ளையைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது, இவ்வளவு தூரம் துரத்தி வந்துவிட்டாயா சனியனே என்று இறங்கிப் போனேன், என் காசில் மருந்து வாங்கி, பழைய சேலையைக் கிழித்து விரலில் சுற்றி, ஒரு மூலையிலிருந்து துடைக்கத் தொடங்கினேன், ஒரு வருடம் போனது, காய்ந்த புல்லை வாரிப் போட்டேன், மரவள்ளி நட்டேன், பயற்றங்காய்க்குப் பந்தல் போட்டேன், ஒரு வரிசை மிளகாய், கம்பிகள் மேலே ரீங்காரம் போட்டுக்கொண்டிருக்கும், கீழே நான் இருப்பேன், ஒன்றை விட்டுவிட்டாய் என்று சொல்ல எவனும் கிடையாது, சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும், பிறந்ததிலிருந்து எனக்கென்று இருந்தது அந்த மண் ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மரவள்ளிக்கு நடுவில் ஒரு சூலம் நிற்கிறது, மஞ்சள் துணி, நுனியில் எலுமிச்சம்பழம், குங்குமம் இன்னும் ஈரமாக இருக்கிறது, சுற்றிலும் தோட்டத்து ஆட்கள், நடுவில் காத்தமுத்து, இப்போது மண்டோர் இல்லை, கோயில் தலைவர், கையில் அதே குடை, தோட்டத்து மாரியம்மன் கோயிலையும் இடிக்கப் போகிறார்களாம், அம்மனுக்குப் போக்கிடம் வேண்டுமாம், இவ்வளவு நீளம் வெற்றிடம் கிடக்கிறதே என்று கேட்டேன், அதெல்லாம் லாலானு தங்கச்சி, சுத்தமா இருக்கிறது இங்கதான, ஆத்தாளே எடம் பாத்து உக்காந்துட்டா என்கிறார், பதினெட்டு வருடம் ஏய் என்று கூப்பிட்ட வாய்க்கு அன்றைக்குத்தான் தங்கச்சி வந்தது. நட்ட சூலத்தைப் பிடுங்கக் கூடாது, பிடுங்கினவள் வீடு விளங்காது என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதுதான் என் கோபமே, கிட்டப் போனேன், கையை நீட்டினேன், நீட்டின கை கும்பிட்டது, என் கையே எனக்குத் துரோகம் செய்தது, அன்று சாயங்காலத்துக்குள் பந்தலைப் பிரித்தார்கள், மரவள்ளியைப் பிடுங்கி அவித்து வந்தவர்களுக்கெல்லாம் பரிமாறினார்கள், எனக்கும் ஒரு தட்டு வந்தது, என் கிழங்கு, மாவாக வெந்திருந்தது, தின்றேன், அழுதுகொண்டே தின்றேன், பக்தி என்று நினைத்தார்கள்.

தகரக் கூரை போட்டு அம்மனைக் கொண்டுவந்து வைத்தார்கள், தீமிதிக்கு இடம் போதாமல் சுற்றி நின்ற லாலானைக் கொளுத்தினார்கள், கொளுத்திய கையோடு மண்ணையும் கொத்திப் போட்டார்கள், ஐந்தாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா, எரிக்காதீங்கன்னு போய்ச் சொல்லேன் என்றாள் தவமணி, காத்தமுத்துக்குத் தெரியாதா, அவர் மண்டோராச்சே என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போனேன். மழை வந்தது, புல்லும் வந்தது, பூக்குழிக்குள் வந்தது, ஊசி ஊசியாகத் தளிர் முளைத்து விரதக்காரர்களின் காலைக் கிழித்தது, வெட்டினார்கள், வந்தது, மறுபடி கொளுத்தினார்கள், மறுபடி வந்தது, அம்மன் காலடியில் சிமெண்டைப் பிளந்துகொண்டு ஒன்று வந்தது, இந்தப் பொம்பள வயித்தெரிச்சல்தான் இப்படி மொளைக்குது என்று பேசிக்கொண்டார்களாம், இருக்கலாம், என் வயிற்றெரிச்சல் அவ்வளவு லேசில் சாகிற ஜாதி இல்லை.

கடைசியில் காத்தமுத்து மாடியேறி வந்தார், ஐந்து மாடி, லிஃப்ட் ஓடவில்லை, மூச்சு வாங்க நின்று, தங்கச்சி, ஒன் கை பட்டாத்தான் அது போவும், அம்மனுக்குச் செய்யிற தொண்டு, வந்து தொடைச்சிக் குடு என்றார். தண்ணீர் கொடுத்தேன், அவர் குடித்து முடிக்கிறவரை நின்றேன், அம்மனுக்குக் கை நாலு இருக்கு மண்டோரே, எனக்கு இருக்கிற ரெண்டும் ஒங்க வேலையிலயே போயிடுச்சி என்றேன், அவர் என் விரல்களைப் பார்த்தார், அத்தனை வருடத்தில் புல்லைப் பார்த்தாரே தவிர விரலைப் பார்த்ததில்லை, படியிறங்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அடுத்த தீபாவளிக்குள் சாலையோரத்தில் வேறு இடம் கிடைத்து, பூசை போட்டு அம்மனையும் சூலத்தையும் எடுத்துக்கொண்டு, தகரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அவர்கள் போன வழியெல்லாம் லாலான் மூடிக்கொண்டது, ஆள் உயரம், அம்மா, மறுபடியும் தொடைச்சி நடலாம்மா என்றாள் தவமணி, பல நாள் ஜன்னலில் நின்று அந்த வெள்ளையைப் பார்த்தேன், அது புல்லாக இருந்தவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, நான் மண்ணாக்கிக் காட்டினேன், உடனே ஆள் வந்தது, அம்மனே வந்தாள், புத்தி வந்தது எனக்கு, பக்கவாட்டில் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு வழி விலக்கிக்கொண்டு நடுவுக்குப் போனேன், அங்கிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டே வந்து, சாலையிலிருந்து பார்க்கிற கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிறுத்திக்கொண்டேன், சுற்றிலும் லாலான் சுவராக நிற்கிறது, அதில் ஒரு தாளையும் தொட மாட்டேன், சாய்ந்ததை நிமிர்த்தி விடுகிறேன், உள்ளே மரவள்ளி நிற்கிறது, பயற்றங்காய் தொங்குகிறது, கீழே நான் குந்தியிருக்கிறேன், இன்னமும் எனக்கு இந்தப் புல்லைப் பிடிக்காது, அதற்கும் என்னைப் பிடிக்காது, நுழையும்போதெல்லாம் கையை அறுத்துத்தான் விடும்.

நேற்று வெளியே வந்து சேலையை உதறிக்கொண்டிருந்தபோது காத்தமுத்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், எட்டி எட்டிப் பார்த்தார், என்னா தங்கச்சி, உள்ளுக்குப் போய்ட்டு வர்ற, என்னா இருக்கு அங்க என்று கேட்டார்.

லாலான்தான் மண்டோரே, வேற என்னா இருக்கப்போவுது என்றேன்.