டெனிங்கின் புகையடுப்பு

விடியும் முன்பே கடலுக்குள் இறங்கியாகிவிட்டது. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று, படகிலிருந்து சாய்த்த போங்கா மீனைத் தலைமேலிருந்த தகரத் தொட்டியில் வாங்கினாள் டெனிங். மீன்தண்ணீர் வழிந்து கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக் கை இல்லை. இரண்டும் தொட்டியைப் பிடித்திருந்தன. மணலேறி வந்து புகையடுப்பருகே கவிழ்த்துவிட்டு மறுபடி இறங்கினாள். போன வருஷம் இந்தச் சுமை இத்தனை கனக்கவில்லை. மீன் கூடிவிடவில்லை, உடம்புதான் தேய்ந்துகொண்டிருந்தது.

காம்பியாவின் கடற்கரை நெடுக ஓட்டல்கள் முளைத்துவிட்டன. பெரிய மீனெல்லாம் ஓட்டல்காரர்களுக்குப் போய்விடும், விறகுவண்டியும் முதலில் அங்கேதான் நிற்கும். நாடு வளர்கிறது என்று வானொலி தினமும் சொன்னது. டெனிங் வீட்டுச் சோற்றுத் தட்டில் மட்டும் அந்த வளர்ச்சியைக் காணோம். அவளிடம் மிஞ்சியிருந்தது இடுப்புயர மண்சுவரும் மேலே கம்பிவலையும் வைத்து, மீனைப் புகைபோட்டு உலர்த்தும் இந்த அடுப்பு ஒன்றுதான். கரையில் வரிசையாக இருந்த பெண்களின் அடுப்புகளில் பாதி ஏற்கெனவே ஓட்டலின் நீச்சல் குளத்துக்கு அடியில் போய்விட்டன.

ஓட்டல் காவலாளி சிடியா காக்கிச் சட்டையைச் செருகியபடி வந்தான். டெனிங் நிமிர்ந்து குரல் கொடுத்தாள்.

"ஏய் சோத்துமூட்டை! ராத்திரி யார் வீட்டுச் சட்டிய நக்கின? ஆளு வர்றதுக்கு முன்னாடி வயிறு வருது!"

"எஜமானப் பாத்தா எந்திரிக்கணும்னு தெரியாதா அடிமை? செரேர்காரிக்கு மரியாதையாவது மண்ணாவது!"

"உன்ன விலைக்கு வாங்கினதே எங்க தாத்தாதான்டா. ஒரு கூடை அழுகின மீனக் குடுத்து. அதுவும் நஷ்டம்."

அவள் செரேர், அவன் ஜோலா. அந்தக் காலத்தில் அக்காளும் தங்கையும் போன படகு உடைந்து, ஆளுக்கொரு கரை ஒதுங்கியதில் வந்த இரண்டு குலங்கள். கண்டால் ஏசிக்கொள்ள வேண்டும். ஏசாவிட்டால்தான் மனத்தாங்கல். ஆனால் ஒருவருக்கு ஒருவர் கெடுதல் செய்யக் கூடாது. செய்தவனை அவன் வீட்டாரே பந்தியில் சேர்க்கமாட்டார்கள்.

ஓட்டல் மாடியில் காப்பிக் கோப்பையுடன் நின்ற மேலாளர் ஹென்றிக்குக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஐரோப்பாவிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. தினமும் காலையில் இரண்டு பேர் விரலை நீட்டிக் கத்திக்கொள்வதை மட்டும் பார்த்து வைத்திருந்தார்.

வெயில் ஏறியபின் அவர் கீழே இறங்கி வந்தார். பின்னால் சிடியா சம்மட்டியோடு வந்தான். தோட்டக்காரன் கெபாவும் வந்தான்.

"நாளைக்கு ஒரு விமானம் நிறைய விருந்தாளிங்க வர்றாங்க. இந்தப் புகை அவங்க அறைக்குள்ள போகக் கூடாது. அடுப்பையெல்லாம் எடுத்துடுங்க."

"காத்து எங்களக் கேட்டா அடிக்குது, பாஸ்?" என்றாள் டெனிங்.

"வேற இடம் பாத்துக்கோ."

"கடல நகத்திக் குடுங்க, நாங்களும் நகந்துக்கறோம்."

அடுத்த அடுப்புக்காரி நியிமா குறுக்கே வந்தாள். "வலைமேல மீன் பாதிப் புகையில கெடக்கு. இப்ப அணைச்சா மொத்தமும் அழுகிடும். புள்ளைங்களுக்கு எதப் போடுறது?"

"அது உங்க பாடு." ஹென்றிக் டெனிங்கைச் சுட்டினார். "சிடியா, இவ அடுப்புல ஆரம்பி. தினமும் இவகிட்ட நீ திட்டு வாங்குறத மாடியிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னிக்கு உன் முறை."

அடுப்புக்காரப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி குபீரென்று சிரித்தாள். டெனிங்குக்குச் சிரிப்பு வரவில்லை. சிடியா வீட்டில் எத்தனை வாய் என்று அவளுக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஓட்டல் கதவை மூடி, கூலியில்லாமல் அவனை வீட்டுக்கு அனுப்புவதும் தெரியும். அவன் ஓங்கினால் அவள் பிழைப்பு போயிற்று, ஓங்காவிட்டால் அவன் பிழைப்பு. இடித்துவிட்டுப் போகட்டும், படுத்து ஒரு நாள் தூங்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள்.

சிடியா சம்மட்டியைத் தூக்கினான். மெல்ல இறக்கி மணலில் வைத்தான்.

"முடியாது பாஸ். இவ எனக்குச் சொந்தம்."

"சொந்தமா? தினமும் சண்டை போடுறீங்களே!"

"சண்டைன்னா பேசவே மாட்டோம் பாஸ்."

"அப்ப உனக்கு வேலை கிடையாது." ஹென்றிக்கின் முகம் சிவந்தது. "கெபா, நீ எடு. உனக்கும் இவ சொந்தமா?"

"இல்ல பாஸ்" என்றான் கெபா. "நான் மண்டிங்கா, எனக்கு இவ யாரோ. ஆனா இன்னிக்கு அடுப்ப இடிக்கிறவனையும் மழை வந்தா நீங்க வெளிய தள்ளத்தான் போறீங்க. போன மழைக்கும் தள்ளினீங்க." சம்மட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

ஹென்றிக் தானே குனிந்து பிடியை இழுத்துப் பார்த்தார். கெபா கனத்த ஆள், அசையவில்லை.

"நாளைக்குப் போலீஸோட வர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார். வருவார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

"துணி துவைக்கிற பொண்ணுங்க, சமையல்கட்டு ஆளுங்க எல்லார்கிட்டயும் பேசறேன்" என்றான் கெபா. "விமானம் வர்ற நேரத்துக்கு இங்க வந்து நிப்போம்."

"வருவாங்களா?" என்றாள் நியிமா.

"பாதிப் பேர் வருவாங்க. பயம் இருக்கும்ல."

"நாங்க படகுக்காரங்களக் கூட்டிட்டு வர்றோம்" என்றாள் டெனிங். குரல் கம்மியிருந்தது, காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. அடுப்படியில் குந்தியிருந்த சிடியாவிடம் போனாள். காவல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல என்ன சொல்லப் போற, சிடியா?"

அவன் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "ஏசிடு டெனிங். நீ ஏசாம கேட்டா எனக்கு பயமா இருக்கு."

டெனிங் புகையைச் சாக்கிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எந்திரிடா சோத்துமூட்டை! தீ அணையுது, எஜமானி நிக்கறது கண்ணுக்குத் தெரியலயா? விறகப் போடு!"

சிடியா எழுந்து ஒரு கட்டையை உள்ளே தள்ளினான். சம்மட்டியை விட்டு எழாமலே, கைக்கெட்டிய கட்டையொன்றை எடுத்து நீட்டினான் கெபா.