ஆறாவது தோட்டா

குழலுக்கு ஆயுசு அவ்வளவுதான் என்று துப்பாக்கி மெக்கானிக் சொல்லிவிட்டார். "இன்னும் இருநூறு சுட்டா அதிகம். அப்புறம் குண்டு அது இஷ்டத்துக்குத்தான் போகும்," என்றார், ஏதோ சைக்கிள் டயரைப் பற்றிச் சொல்வதுபோல. துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வுப் போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. புதுக் குழல் வர மூன்று மாதம் ஆகும். தோட்டாவோ யானை விலை, அதில் பாதி அண்ணியின் தையல் காசு.

அதனால் சுடும் மைதானத்தில், எங்கள் ரேஞ்சில், தினம் பத்துக்கு மேல் சுடமாட்டேன். மீதிப் பயிற்சி வீட்டில், சுடாமலே. கூடத்துச் சுவரில் மிளகளவு கருப்புப் புள்ளி ஒன்று வைத்திருந்தேன். அதைக் குறிபார்த்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தால் 'டிக்'. கை பழக வேண்டுமே என்று, சுட்டு முடிந்த பித்தளை உறைகள் ஐந்தில் வெடிமருந்தில்லாமல் குண்டை மட்டும் பொருத்திப் பொய்த் தோட்டாக்களும் செய்திருந்தேன். அடிப்பக்கத்தில் துப்பாக்கியின் ஊசி அடித்த பள்ளம் இருந்தால் பொய், இல்லாவிட்டால் நிஜம். இந்த அடையாளமே போதும் என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது.

அதே சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணியின் தையல் மெஷின். "என்ன வேட்டைக்காரி, இன்னைக்காவது ஒரு கொசு செத்துச்சா?" என்று அன்று மதியமும் அங்கிருந்தே கேட்டாள்.

"காயத்தோட தப்பிச்சிருச்சு அண்ணி."

சிரித்துவிட்டு மோட்டாரைப் போட்டாள். நான் பாயில் படுத்து, புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல், டப்பாவிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்தேன். டிக். வெளியே தள்ளினேன். டிக். ஒன்றிரண்டு அடி அப்படியே வெண்ணெய் மாதிரி விழுந்தது. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. இன்னொன்றைப் போட்டேன். டிக்.

அப்போதுதான் ஓரக்கண்ணில் பாய் தெரிந்தது. தள்ளிய தோட்டாக்கள் ஐந்து கிடந்தன. துப்பாக்கிக்குள் ஒன்று.

என்னிடம் இருந்ததே ஐந்துதான்.

முந்தின நாள் ரேஞ்சில் ஒரு தோட்டா வெடிக்கவில்லை. ஊசி அடித்தது, பள்ளம் விழுந்தது, சத்தமில்லை. அப்படிப்பட்டதைச் சிவப்பு வாளியில் போட்டுவிட வேண்டும் என்பது விதி. எனக்குத்தான் மனசு வரவில்லை. இரண்டாவது அடியில் வெடிக்கிற தோட்டா எத்தனையோ உண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதே பையில் பொய்த் தோட்டாக்களும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்து டப்பாவில் கொட்டியிருக்கிறேன்.

வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம். அதனால் ஒரு முழு நிமிடம் துப்பாக்கியை இலக்கை விட்டு அசைக்கக் கூடாது. ரேஞ்சில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கும். இங்கே அண்ணி இருந்தாள்.

இடப்பக்கம் ஜன்னல், அதற்கு வெளியே தெரு. வலப்பக்கம் அடுத்த வீட்டுக்காரர்கள். மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். இந்த வீட்டில் ஆளில்லாத திசை எது என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"அண்ணி."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூச்சை இழுத்துக் கத்தினேன். மோட்டார் நின்றது.

"இரு, இந்த ஓரத்தை முடிச்சிட்டு வந்துர்றேன்."

"அண்ணி, எந்திரிங்க. உங்க காலுல விழுறேன், உடனே எந்திரிங்க."

என் குரல் எப்படி இருந்ததோ, நாற்காலி கிரீச்சிட்டது. அவள் தன் அறையின் மறுகோடிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று ஓடிவந்தாள். அவள் அறை வாசல் புள்ளிக்கு ஒரு கை தூரம்தான். குழலின் முனையை உரசுகிற மாதிரி அவள் புடவை போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவள் என் பின்னால் வந்து உட்கார்ந்தாள். "பேசாதீங்க," என்றேன். எண்ணினேன். அறுபதுக்குமேல் இன்னொரு அறுபதும் எண்ணிவிட்டு, மெல்ல அதை வெளியே எடுத்துக் காதருகே குலுக்கினேன். சத்தமே இல்லை. பொய்த் தோட்டா.

பாயில் கிடந்தவற்றை எடுத்தேன். முதல் இரண்டும் ஊமை. மூன்றாவதில் மருந்து சரசரத்தது. அதன் அடியில் ஒன்றையொன்று தொட்டபடி இரண்டு பள்ளங்கள். ஒன்று ரேஞ்சில் விழுந்தது. மற்றது இந்தப் பாயில், புள்ளியின் நட்டநடுவைப் பார்த்து, கை துளியும் நடுங்காமல் நான் இழுத்தது. பயந்து செத்த நேரத்தில் ஆபத்தே இல்லை. அது வந்து போனபோது நான் என்னை மெச்சிக்கொண்டிருந்தேன்.

அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோட்டாவை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சுட்டுவிடுமோ என்பதுபோல உடனே திருப்பிக் கொடுத்தாள்.

"இந்த ஒன்னை மிச்சம் புடிக்கவா இவ்வளவும்?"

நான் தோட்டாவை விரலுக்குள் மூடிக்கொண்டேன்.

"நாளையிலேருந்து ரேஞ்சுலயே சுடு. குழல் தேஞ்சா தேயட்டும், தோத்தா தோத்துட்டுப் போ."

எழுந்து போனாள். நானும் பின்னாலேயே போனேன். உட்கார்ந்தவள், அவசரத்தில் எழுந்தபோது அறுந்த நூலை ஊசியில் கோக்கப் பார்த்தாள். மூன்று தடவையும் தவறியது. நான் வாங்கிக் கோத்துப் பார்த்தேன். என்னாலும் முடியவில்லை.