அகராதி வேந்தன் வரவு

கூத்தென்றால் ராசா வேண்டும், இல்லாவிட்டால் புனிதர் வேண்டும் என்பது அன்புராசாவின் கட்சி. ஸ்காபரோ கத்தோலிக்கத் தமிழர் ஒன்றியம் ஒன்றுக்கு அவர் தலைவர். ஆண்டு விழாவில் எது மேடையேறும், எது ஏறாது என்பது அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அப்படிப்பட்டவரிடம் போய், இந்த முறை ஆங்கில அகராதி தொகுத்த ஒருவரைப் பற்றிக் கூத்து எழுதியிருக்கிறேன் என்று பேர்ணடெற் சொன்னால் மனிதருக்கு எப்படி இருக்கும்? குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணீர் புரைக்கேறிவிட்டது.

பேர்ணடெற்றும் லேசுப்பட்டவள் இல்லை. ஒன்றியத்தில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பொறுப்பு அதுவரை ஆண்களின் கையிலேயே இருந்தது. போன வருடம்தான் முதன்முறையாக ஒரு பெண்ணிடம், அதாவது அவளிடம், வந்து சேர்ந்தது. பழைய புனிதர் கூத்தொன்றை அச்சுப் பிசகாமல் போட்டுக் கைதட்டும் வாங்கினாள். ஆனால் அவளுக்கு மனம் நிறையவில்லை. தான் எழுதியதைத் தானே ஆட்டுவிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவள் பிடித்த ஆள் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர். நெஞ்சுவரை தாடி. வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு, அதற்குள் இருந்து ஊர் உலகத்துக்கெல்லாம் வேண்டுகோள் விட்டார். நீங்கள் வாசிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் வந்தால், அது வந்த வசனத்தை அப்படியே ஒரு துண்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். துண்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. பெற்ற பிள்ளைகளையும் பிடித்து இருத்தி, எழுத்து வாரியாகச் சின்னச் சின்ன மர அறைகளில் அவற்றை அடுக்க வைத்தார். பத்து வருடத்தில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய மனிதர் முப்பது வருடத்துக்கு மேல் அதிலேயே கிடந்து, இருபத்தாறு எழுத்தில் இருபதாவதில் நிற்கும்போது கண்ணை மூடிவிட்டார்.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்து பார்க்டேலில் இறங்கிய புதிதில், பேர்ணடெற் அந்த அகராதியின் சுருக்கப் பதிப்பு ஒன்றை வைத்துத்தான் ஆங்கிலம் படித்தாள். சொல்லுக்குப் பொருள் சொன்ன இடமெல்லாம் அவளுக்கு இருட்டாகவே இருந்தது. அதற்குக் கீழே கிடந்த வசனங்கள்தான் வழி காட்டின. எவரோ முகம் தெரியாதவர்கள் தேடிப் பிடித்து அனுப்பிய வசனங்கள். அவற்றைக் கேட்டு வாங்கி வைத்த மனிதருக்கு கூத்தில் ஆள் மேடைக்கு வரும்போது பாடுகிற வரவுப்பாட்டு ஒன்றாவது பாடவேண்டும் என்று அப்போதே அவளுக்குள் விழுந்துவிட்டது.

அன்புராசா கதையை முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அதை மறுக்கக்கூடாது.

"உவர் துண்டு பொறுக்கின மனுசன், தங்கச்சி. அதையும் முடிக்கேல்லை. உவருக்காக எங்கட சனம் அழுமே?"

"முடிக்கிறதுக்கு முதல் செத்தவையை எல்லாம் கழிச்சால், எங்கட கூத்திலை ஒரு புனிதரும் மிஞ்சமாட்டினம், அண்ணை."

வாதத்தில் இடறினால் தலைவர்மார் நிபந்தனை போடுவார்கள். கடைசிக் காட்சியில் வானதூதர் ஒருவர் இறங்கி வந்து மிச்ச எழுத்துகளையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும், சனம் சந்தோசமாக வீட்டுக்குப் போகும் என்றார் அவர். பேர்ணடெற் முடியாது என்றாள். நடந்ததை மாற்றினால் அந்த மனிதருக்கே துரோகம் என்றாள். அப்படியென்றால் சரி, சனம் இதை ஏற்காவிட்டால் அடுத்த வருடம் பழைய கூத்தும் பழைய அண்ணாவியாரும்தான் என்று அவர் முடித்துவிட்டார். ஆனாலும் வானதூதருக்குக் கதவு திறக்கமாட்டேன் என்பதில் அவள் அசையவில்லை.

ஒத்திகையில் வேறு தலையிடி. அகராதி வேந்தனாக ஆடவந்தவன் றொய்சன். கிழமை முழுவதும் ட்ரக் ஓட்டிவிட்டு, சனிக்கிழமைகளில் விட்பியிலிருந்து வருவான். குரல் என்றால் குரல், மத்தளத்தையே அமுக்கிவிடும். அவன் இதுவரை ஆடியதெல்லாம் வாளேந்திய பாத்திரங்கள். மேசைக்கு முன்னால் வாழ்நாள் முழுவதும் குந்தியிருந்த மனிதரை எப்படியக்கா ஆடுவது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். பேர்ணடெற் ஒரு வாரம் யோசித்தாள். துண்டை எடுக்க ஓர் அடி, வாசிக்க ஓர் அடி, சுழன்று போய் அறைக்குள் வைக்க ஓர் அடி என்று தாளம் கட்டினாள். துண்டு வைக்கும் அறைகளுக்குச் சப்பாத்து வைக்கும் றாக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். தலையில் ராசமுடி இல்லாமல் மேடை ஏறமாட்டேன் என்று றொய்சன் அடம்பிடித்தான். அந்த அகராதிக்காரர் அணிந்த கறுப்புத் தட்டைத் தொப்பிதான் முடி என்று அவள் சொல்ல, அவன் வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியைக் கொண்டு அதைச் சுற்றிச் சரிகை தைப்பித்துக்கொண்டு வந்துவிட்டான். அதை அவள் கண்டும் காணாததுபோல் விட்டாள்.

விழாவன்று அஜின்கோர்ட் மண்டபம் நிறைந்திருந்தது. மத்தளம் முழங்க, தாடியும் சரிகைத் தொப்பியுமாக றொய்சன் வரவுப்பாட்டோடு வந்தான்.

"துண்டாலே கோட்டை கட்டத் தோன்றினேனே – சொற்கள்
உண்டான நாளெல்லாம் சொல்ல வந்தேனே."

சனம் முதலில் சிரித்தது. பிறகு மூட்டைகள் வர வர, றொய்சன் சுழன்று சுழன்று றாக்கைகளை நிரப்ப நிரப்ப, சிரிப்பு அடங்கியது. பிள்ளைகளாக வந்தவர்கள் வளர்ந்து பெரியவர்களானார்கள், தாடி நரைத்தது, அடி தளர்ந்தது. பேர்ணடெற் மேடையோரத்தில் தாளக்கட்டையோடு நின்று ஒவ்வோர் அடியையும் எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசித் துண்டை உயர்த்திப் பிடித்தபடி றொய்சன் சாய்ந்தான். கீழ்த்தட்டு அறைகள் வெறுமையாகவே கிடந்தன.

கைதட்டு வரவில்லை. விசில் வரவில்லை. ஒரு பிள்ளைகூடச் சிணுங்கவில்லை. எல்லாம் போச்சு, வானதூதரையே விட்டிருக்கலாம் என்று அந்த நேரத்தில் பேர்ணடெற்றும்தான் நினைத்தாள். முன்வரிசையில் அன்புராசா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

அப்போது அவருக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து அன்ரனெற் அன்ரி எழும்பினார். செத்த வீடென்றால் அழைப்பில்லாமலே போய் செபம் சொல்லிக் கொடுக்கிற மனுசி. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு, மேடையில் கிடப்பது விட்பி றொய்சன் என்பதையும் மறந்து, செத்த ஆள் கத்தோலிக்கரே இல்லை என்பதையும் அறியாமல், இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார்.

அதைக் கேட்ட சனம் சும்மா இருக்குமா? கதிரைகள் கிரீச்சிட மண்டபம் முழுவதும் எழும்பி நின்று மறுமொழி சொன்னது. விழாவுக்கு வந்திருந்த பங்குச் சுவாமியார் ஒருகணம் யோசித்துவிட்டுத் தானும் எழும்பினார். எல்லாக் குரலுக்கும் மேலாக ஒரு குரல் உடைந்து உடைந்து கேட்டது. அது அன்புராசாவின் குரல். செபம் முடியும்போது, அசையாமல் கிடக்கவேண்டிய றொய்சனும் கண்ணை மூடியபடியே ஆமென் என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

பேர்ணடெற்றுக்குக் கண் மறைத்தது. இரும்புக் கொட்டகைக்குள் குளிரில் கிடந்த அந்த மனிதருக்கு ஒரு மண்டபம் நிறையத் தமிழ்ச்சனம் எழுந்து நிற்கிறது, நிற்க வைத்தது நான் என்று அவள் மனதுக்குள் பெருமையோடு சொல்லிக்கொண்டாள். பிறகு தாளத்தை ஓங்கித் தட்டி மங்களத்தை எடுத்தாள்.

திரைக்குப் பின்னால் அன்புராசா வந்தார். கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெறுமையாய்க் கிடந்த கீழ்த்தட்டு அறைகளைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"மிச்ச எழுத்தை ஆர் முடிச்சது?"

"பிறகு வந்தவை, அண்ணை."

"அப்ப அவைக்கும் ஒரு வரவு எழுதும், அண்ணாவியார்."

அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிடாதது அன்றுதான் முதல் தடவை.