சொல்லக் கூசிய நோய்

அன்று காலையும் ரத்தம் போனது. தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பொதுவான கக்கூஸில் ஜீவராணி அவசரமாக வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். பக்கத்து லயத்து மாயாண்டிக்கும் இப்படித்தான் தொடங்கியது. குடலில் புற்றுநோய் என்றார்கள். தைப்பொங்கலுக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். புருஷனுக்குக் கொழும்பில் கடை வேலை. தானும் போய்விட்டால் மகள் கிருஷாந்திக்கு யார் இருக்கிறார்கள்?

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர் ஆண். அவரிடம் இதை எந்த வாயால் சொல்வது? அதற்கு மானத்தோடு செத்தே போகலாம் என்று நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி.

மலையில் கொழுந்து எடுக்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற நாகலெட்சுமி ஓடிவந்து தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

"வேணாங்கக்கா. குடிச்சா ஒதுங்கணும். இந்த மலையில எங்க போறது?"

"மூஞ்சியே வெளுத்துக் கெடக்கு. என்னாடி செய்யுது?"

ஜீவராணி உடைந்து அழுதாள். "வெளிக்குப் போறப்ப ரத்தமா போகுதுக்கா. மாயாண்டி அண்ணனுக்கு வந்ததுதான் எனக்கும். என் புள்ளைய பாத்துக்கங்கக்கா."

நாகலெட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். "எனக்கும் ரெண்டு வருசமா போகுதுடி. யாருகிட்டயும் சொல்லல."

அதைக் கேட்டதும் ஜீவராணிக்குப் பயம் இன்னும் கூடியது. மறுநாளே இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினார்கள்.

ஜீவராணியைப் பரிசோதித்த பெண் டொக்டர், மூலம்தான் என்றார். "தண்ணி குடிக்காம, வந்ததையும் அடக்கி அடக்கி மலம் இறுகிப்போச்சு. நல்லா தண்ணி குடிங்க, கீரை, பழம் சாப்பிடுங்க. அடக்காதீங்க, முக்காதீங்க. ஆனா ரத்தம் போனாலே மூலம்னு நீங்களா முடிவு பண்ணக்கூடாது. வந்து காட்டணும்."

ரெண்டு வருசமாக ரத்தம் போவதால் நாகலெட்சுமியை மட்டும் குடலுக்குள் பார்க்கும் சோதனைக்குக் கண்டிக்குப் போகச் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவள் டொக்டர் தந்த சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கண்டிக்குப் போகும் நாள் காலை, துணைக்கு ஜீவராணியும் கிளம்பினாள். பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக்கொண்டிருந்த கங்காணி கணேசமூர்த்தி எல்லோர் முன்பும் கேட்டார்: "ரெண்டு பேரும் எங்க கெளம்பிட்டீங்க?"

காய்ச்சல் என்று சொல்ல நாகலெட்சுமி வாயெடுத்தாள். ஜீவராணி முந்திக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரிக்குங்க. எனக்கு வெளிக்குப் போறப்ப ரத்தம் போச்சு."

"எனக்கும்தாங்க" என்றாள் நாகலெட்சுமி, மெதுவாக.

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஜீவராணி விடவில்லை. "மலையில ஒரு கக்கூஸ் கட்டித் தராதவங்க வெட்கப்படட்டும். நாங்க ஏன் வெட்கப்படணும்? யாருக்காச்சும் இப்படி இருந்தா மறைக்காதீங்க, உடனே போய்க் காட்டுங்க. மறைச்சு மறைச்சுத்தான் சின்ன நோவ பெருசாக்கிக்கிறோம்."

பின்வரிசையில் நின்ற அம்மாக்கண்ணு கூடையை இறக்கி வைத்தாள்.

"இருடி, நானும் வாறேன்."